கம்பிவேலிக்குள் பிறந்த ஜனநாயகம்

(மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செனாவாங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ஜெர்மனியைப் பத்திப் பேசப் போறியாமே, உனக்கு வேற வேலை இல்லையாடா?" என்று, இம்மண்டபத்துக்கு வரும் வழியில் ஒட்டுக்கடையில் என்னோடு தேநீர் குடித்த பால்ய சிநேகிதர் ஒருவர் கேட்டார். நாற்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, காண்டா தூக்கித் தோள் காய்ந்தவர் அவர்; கேட்பதற்கு அவருக்குச் சகல உரிமையும் உண்டு. அவருக்கு அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். அவரும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் நிற்கிற இந்த வட்டாரமெல்லாம் கித்தாக் காடாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக, இருந்த நாளில், எங்கள் லயத்துப் பெரியவர்கள் காலத்தை ஆண்டுக் கணக்கால் அளந்ததில்லை. ஒருவர் பிறந்ததையோ, ஒருத்திக்குக் கலியாணம் ஆனதையோ சொல்ல வேண்டுமானால், அது வெள்ளைக்காரன் காலமா, ஜப்பான்காரன் காலமா, கம்பிவேலிக் காலமா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மூன்று காலங்கள். இந்த மூன்றுக்கும் பிறகு இந்நாட்டில் சுதந்திரம் வந்தது, பார்லிமெண்டு வந்தது, தேர்தல்கள் வந்தன. ஆனால் "சுதந்திரக் காலத்தில் பிறந்தவன்" என்று ஒருவரும் சொல்லி என் காதால் நான் கேட்டதில்லை. நாலாவது காலத்துக்கு அவர்கள் ஏன் பெயர் வைக்கவில்லை என்ற கேள்வி சிறுவயது முதல் என்னை உறுத்தி வந்தது. பின்னாளில் ஜெர்மானியரின் முதற் குடியரசைப் பற்றிப் படித்தபோதுதான், யுத்தத்தின் சாம்பலில் முளைக்கிற ஒரு ஜனநாயகம் தன் முதல் சில ஆண்டுகளில் யாரைக் கண்டு பயப்படுகிறது, யாரைத் துணைக்கு அழைக்கிறது என்பதைக் கவனித்தால் அந்தக் கேள்விக்கு விடை பிடிபடும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே முதலில் கொஞ்ச நேரம் ஜெர்மனிக்குப் போய் வருவோம்.

நான்காண்டுக் காலம் உலகத்தோடு யுத்தம் செய்து தோற்ற அந்நாடு, 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் தேதி தன் சக்கரவர்த்தியை இழந்தது. இரண்டாம் வில்ஹெல்ம் மறுநாள் எல்லை கடந்து ஹாலந்துக்கு ஓடினார். அதே 9ஆம் தேதி பகலில், பெர்லின் பார்லிமெண்டுக் கட்டடத்திலிருந்து ஷைடமான் என்ற சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர், கூடியிருந்த ஜனங்களை நோக்கிக் குடியரசைப் பிரகடனம் செய்தார். சில மணி நேரத்தில் அதே நகரின் வேறோரிடத்தில் கார்ல் லீப்னெக்ட் என்பவர் சோஷலிசக் குடியரசு என்று இன்னொன்றைப் பிரகடனம் செய்தார். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டியது போன்ற அந்தக் குழப்பத்திலேயே பின்னால் நடந்தவை யாவும் கருக்கொண்டிருந்தன.

ஆட்சிப் பொறுப்பை ஏற்ற எபர்ட், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். தொழிலாளர் கட்சியால் உயர்ந்தவர். நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மறுநாள் இரவே ராணுவத் தலைமையகத்திலிருந்து தளபதி குரோனர் அவரோடு தொலைபேசியில் பேசினார். புதிய அரசாங்கத்துக்கு ராணுவம் துணை நிற்கும். அதற்குப் பிரதியாக அரசாங்கம் புரட்சிக்காரர்களை ஒடுக்க வேண்டும், பழைய அதிகாரிகளின் அந்தஸ்தில் கைவைக்கக் கூடாது. இதுதான் உடன்படிக்கையின் சாரம். சேணத் தொழிலாளி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. பசியும் கலகமும் முற்றுகையும் சூழ்ந்த அந்த ராத்திரியில் நானாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தத் தொலைபேசி உரையாடலின் கணக்கைத் தீர்க்க வேண்டிய நாள் வெகு சீக்கிரத்தில் வந்தது. 1919 ஜனவரியில் பெர்லினில் எழுந்த இடதுசாரிக் கிளர்ச்சியை அரசாங்கம் துணைப்படைகளை ஏவி அடக்கிற்று. ஜனவரி 15ஆம் தேதி அந்தப் படைக்காரர்கள் லீப்னெக்டையும், மகா மேதையான ரோசா லக்சம்பர்க் அம்மையாரையும் பிடித்துக் கொன்றார்கள். அம்மையாரின் உடலைக் கால்வாயில் எறிந்தார்கள். அது மே மாதக் கடைசியில்தான் கிடைத்தது. கொலை நடந்த நாலாம் நாள், ஜெர்மானியப் பெண்கள் நாடு முழுவதும் முதன்முறையாக வாக்களித்த அந்தப் பொதுத் தேர்தல் நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெர்லின் பத்திரமில்லை என்பதால், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை, கேதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் என்ற சிற்றூரின் நாடக அரங்கில் கூடிற்று. குடியரசுக்கு வைமார் என்ற பெயர் வந்தது இதனால்தான். 1919 ஆகஸ்டு 11ஆம் தேதி எபர்ட் கையெழுத்திட்ட அந்த அரசியல் சாசனம், அக்காலத்து உலகில் மிகத் தாராளமானவற்றுள் ஒன்று. இருபது வயதான ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை, எண்ணிக்கை விகிதப்படி பிரதிநிதித்துவம், எட்டுமணி நேர வேலையை ஏற்கெனவே வென்றிருந்த தொழிலாளருக்குச் சங்க உரிமை என்று எல்லாம் அதில் இருந்தன. கூடவே 48ஆம் விதி என்று ஒன்றும் இருந்தது. பொது ஒழுங்குக்குப் பெரும் ஆபத்து நேருமாயின் ஜனாதிபதி பிரஜைகளின் அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், ஆயுதப் படையையும் உபயோகிக்கலாம் என்பது அதன் பொருள். பிரமாதமான வீடு கட்டிவிட்டு, திருடன் வந்தால் இருக்கட்டும் என்று ஒரு சாவியைக் காவற்காரனிடம் கொடுத்து வைத்தது போல.

தோல்விக்கு யார் பொறுப்பு என்பதில் நடந்த மோசடியை இங்கே சொல்லாமல் போக முடியாது. யுத்தத்தை நடத்தித் தோற்றவர்கள் தளபதிகள். ஆனால் போர்நிறுத்தப் பத்திரத்தில் கையெழுத்திடப் போனவர் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. வெர்சேல்ஸ் உடன்படிக்கை வந்து, நிலமும் பணமும் மானமும் போனபோது, ராணுவம் களத்தில் தோற்கவில்லை, உள்ளூர் அரசியல்வாதிகளும் தொழிலாளரும் யூதரும் முதுகில் குத்திவிட்டார்கள் என்று அதே தளபதிகள் சொல்லத் தொடங்கினார்கள். ஜனங்களில் பெரும்பகுதியினர் நம்பினார்கள். எர்ட்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு வெளிநாட்டு மந்திரி ராத்தினோவைச் சுட்டுக் கொன்றார்கள். கும்பெல் என்ற கணித ஆசிரியர் ஒருவர், தன் தொழிற்புத்திக்கு ஏற்ப, அந்த நாலாண்டு அரசியற் கொலைகளைக் கணக்கெடுத்து 1922இல் ஒரு நூலாக வெளியிட்டார். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றுள் 326க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றுள் தண்டனை இல்லாமல் போனவை 4. சட்டம் புதிது, நீதிபதி பழையவர். சக்கரவர்த்தியின் பெயரால் தீர்ப்பெழுதிய அதே கைகள் குடியரசின் பெயரால் தீர்ப்பெழுதின.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வாட்டுகிற அத்தியாயம் 1920 மார்ச்சு மாதத்தது. கலைக்கப்படவிருந்த துணைப்படை ஒன்று பெர்லினுக்குள் புகுந்து, காப் என்பவரை ஆட்சியில் உட்கார வைத்தது. அரசாங்கம் ராணுவத்தை அழைத்தது. ராணுவத் தலைமை, சிப்பாய் சிப்பாயைச் சுட மாட்டான் என்று கையை விரித்துவிட்டது. மந்திரிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போது குடியரசைக் காப்பாற்றியவர்கள் யாரென்றால், ரயிலையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திப் பொது வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள். ஐந்து நாளுக்குள் காப் ஓடிப்போனார். ஆனால் அந்த வெற்றியின் சூட்டில் ரூர் நிலக்கரி வட்டாரத்துத் தொழிலாளர்கள் ஆயுதத்தோடு எழுந்து நின்று மேலும் சில உரிமைகளைக் கேட்டபோது, அவர்களை அடக்குவதற்கு அரசாங்கம் அதே ராணுவத்தை அனுப்பியது. இந்தத் தடவை ராணுவம் தயக்கமின்றிச் சுட்டது. 1919 தேர்தலில் நாலில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றிருந்த குடியரசுக் கட்சிகள், 1920 ஜூன் மாதத் தேர்தலில் பாதிக்கும் கீழே இறங்கின. அதற்குப் பிறகு அவை பெரும்பான்மையை மீண்டும் காணவேயில்லை.

அப்புறம் காகிதப் பணத்தின் கதை. 1923இல் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ள, வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அரசாங்கம் நோட்டை அச்சடித்துக்கொண்டே போயிற்று. யுத்தத்துக்கு முன் ஒரு டாலருக்கு 4 மார்க் 20 பென்னிக்காக இருந்த விலை, அந்த ஆண்டு நவம்பரில் 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்கு ஆயிற்று. பெர்லினில் ஒரு ரொட்டி 20,000 கோடி மார்க்கு. இதைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் வியப்பார்கள். நாம் வியக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை நம் பாட்டன்மார் தகரப்பெட்டி நிறைய வைத்திருந்து, 1945 செப்டம்பரில் அது செல்லாக் காசாகிப் போனதும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். என் வீட்டிலேயே அப்படி ஒரு பெட்டி இருந்தது. ராஜ்யம் மாறும்போது முதலில் பொய்யாவது காகிதம் என்ற பாடம் தோட்டப்புறத்து மனிதர்களுக்கு அன்றே ஏறிவிட்டது. பின்னால் வேறொரு காகிதத்தில் அவர்கள் காட்டிய அலட்சியத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எபர்ட் தம் பதவிக் காலத்தில் அந்த 48ஆம் விதியை நூறு தடவைக்கு மேல் பிரயோகித்தார். பெரும்பாலும் குடியரசைக் காப்பதற்காகவே பிரயோகித்தார். அவர் 1925இல் இறந்த பிறகு, அந்தச் சாவி, தோற்ற யுத்தத்தின் பெருந்தளபதியான ஹிண்டன்பெர்க்கின் கைக்குப் போயிற்று. 1923இல் மூனிக் நகரில் ஆட்சியைப் பிடிக்க முயன்று, ஐந்தாண்டு தண்டனை பெற்று, தண்டனைக்குப் பிறகு ஓராண்டுகூட முழுதாகச் சிறையிருக்காமல் வெளிவந்த ஒருவர், 1933 பிப்ரவரியில் அதே விதியின் பேரில் எல்லா உரிமைகளையும் பறித்ததை நீங்கள் அறிவீர்கள். ஹிட்லரைப் பற்றி ஆயிரம் பேர் பேசியிருக்கிறார்கள். நான் அவரை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

1945 செப்டம்பரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள போர்ட்டிக்சன் கடற்கரையிலும், சிலாங்கூரின் மோரிப் கடற்கரையிலும் பிரிட்டிஷ் படைகள் இறங்கின. அவர்கள் திரும்பி வந்து கண்ட தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் குறைந்திருந்தார்கள்; சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. திரும்பியவர்களோ, பழைய கூலிகளாகத் திரும்பவில்லை. நேதாஜியின் படையில் துப்பாக்கி ஏந்தி நின்றவன், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டேன் என்றான். கெடாவில் ஹார்வார்டு தோட்டத்தில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். சங்கங்கள் மழைக்காலத்துக் காளான்போல முளைத்தன. நம் நெகிரி செம்பிலானிலும் இந்தியத் தொழிலாளர் சங்கம் ஒன்று எழுந்தது. அதிலிருந்து வளர்ந்து வந்தவர்தான் பின்னாளில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய பி. பி. நாராயணன். ஜெர்மனியில் 1918 நவம்பரில் வீசிய அதே காற்று, 27 வருஷம் கழித்து நம் தோட்டத்துப் பிரட்டுக் களங்களில் வீசிற்று என்று சொன்னால் மிகையாகாது.

1946 ஏப்ரலில் ஏற்பட்ட மலாயன் யூனியன், இங்கே பிறந்தவர்களுக்கும் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கும் தாராளமாகக் குடியுரிமை கொடுக்க முன்வந்தது. சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்ததால் மலாய் மக்கள் கொதித்தெழுந்தார்கள். டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் அம்னோ என்ற மலாய்க் கட்சி பிறந்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், கொடுக்க வந்த குடியுரிமையைப் பெறவிருந்த நம்மவர்கள், கைநீட்டி வாங்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் திவி அவர்கள், அடுத்த ஆண்டே, சுதந்திரம் பெறவிருந்த இந்தியாவின் பிரதிநிதியாக இந்நாட்டில் நியமிக்கப்பட்டார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் தலைவரே மறுநாள் வேறொரு நாட்டின் தூதராகிவிட்டார் என்றால், கால் ஒன்று இக்கரையிலும் ஒன்று அக்கரையிலும் நின்ற நம் நிலைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? 1947 அக்டோபர் 20ஆம் தேதி, டான் செங் லோக் தலைமையில் பல இனத்து அமைப்புக்களும் மலாய் இடதுசாரிகளும் சேர்ந்து, ஜனங்களே வகுத்த ஓர் அரசியல் சாசனத்தைக் கோரி நாடெங்கும் ஹர்த்தால் நடத்தினார்கள். கடைகள் மூடின, மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. நமக்கு ஒரு வைமார் வாய்த்திருக்கக் கூடுமானால் அதுதான் அந்தத் தருணம். பிரிட்டிஷார் காது கொடுக்கவில்லை. 1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு உண்டாயிற்று. குடியுரிமையின் கதவு முக்கால் பாகம் சாத்தப்பட்டது.

நாலரை மாதம் கழித்து, ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம். ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை நான் இங்கேதான் காண்கிறேன். அங்கே ஜனநாயகம் முதலில் பிறந்தது. அவசரச் சட்டம் அதன் இடுப்பில் தொங்கிய கத்தி. இங்கே அவசரகாலம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மடியில் ஜனநாயகம் பிறந்தது. 1955இல் முதல் பொதுத்தேர்தல், 1957இல் சுதந்திரம், 1959இல் சுதந்திர நாட்டின் முதல் தேர்தல். அவசரகாலம் முடிந்ததோ 1960 ஜூலை 31ஆம் தேதி. கணக்கை நீங்களே பாருங்கள்.

கம்யூனிஸ்டுகள் சாமானியர்களைக் கொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பொய். பஸ்ஸை எரித்தார்கள், மரங்களை வெட்டிப் பாழாக்கினார்கள், காட்டிக்கொடுத்தான் என்ற சந்தேகத்தில் கங்காணிகளையும் மரம் வெட்டுகிறவர்களையும் கொன்றார்கள். அரசாங்கத்துக்குத் தற்காத்துக்கொள்ளும் கடமை இருந்தது. ஆனால் வலை வீசும்போது அது எந்த மீனைப் பிடித்தது என்றும் பார்க்க வேண்டுமல்லவா? அந்த ஜூன் மாதமே அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு போயிற்று. வெவ்வேறு தொழிலின் சங்கங்கள் ஒன்றுசேரக் கூடாதென்றும், அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் சங்க நிர்வாகியாகக் கூடாதென்றும் சட்டம் வந்தது. சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்துப் பிள்ளை, ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக, 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பயனில்லை. லீப்னெக்டையும் ரோசாவையும் சட்டத்துக்கு வெளியே கொன்றார்கள். கணபதியைச் சட்டப்படியே கொன்றார்கள். இரண்டுக்கும் பின்னால் தொழிலாளர் வரிசையில் விழுந்த மௌனம் ஒரே மாதிரியானது. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் சங்கம் என்ற சொல்லைச் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பின்னர் 1954இல் தோட்டச் சங்கங்கள் இணைந்து ஒரே தேசியச் சங்கமானபோது, அது கூலி பேசத் தெரிந்த, எல்லை மீறாத சங்கமாக வளர்ந்ததென்றால், அந்த எல்லையை வரைந்தது எது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதை எடைபோட வேண்டும்.

1950 முதல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்துச் சீனக் குடியானவர் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியதை உலகம் அறியும். தோட்டங்களில் அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டதை அவ்வளவு பேர் அறியார்கள். நான் வளர்ந்தது அப்படிப்பட்ட வேலிக்குள்ளே. என் முதல் ஞாபகமே வாசற்படலில் நின்ற வரிசைதான். விடிந்தும் விடியாத பொழுதில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. காண்டா வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். இடுப்பு மடியை உதறிக் காட்ட வேண்டும். பெண்களைத் தடவிச் சோதிக்க ஒரு பெண்பிள்ளை. காட்டுக்குள்ளிருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பதால், மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தீம்பாருக்குப் போன என் தாயார், நடுப்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் முதற் கவளம் உண்பார். கடையில் மீன் டின் வாங்கினால், கடைக்காரர் அதில் ஒரு துளை போட்டுத்தான் கொடுப்பார்; அன்றே தின்றுவிட வேண்டும், சேர்த்து வைக்க முடியாது. அந்தத் துளையிலிருந்து ஒழுகும் மிளகாய்ச் சாற்றை நக்குவதற்காகவே நானும் என் அண்ணனும் கடையிலிருந்து வீடுவரை சண்டை போட்டுக்கொண்டு வருவோம். குழந்தைகளுக்கு அது வேடிக்கை. இரவு விளக்கடித்து வேலியைச் சுற்றி வருவதும் வேடிக்கை. 1953 செப்டம்பரில் பக்கத்து மலாக்காவின் சில பகுதிகளைத் தடை நீங்கிய வெள்ளைப் பிரதேசமாக அறிவித்தபோது, அங்கே உறவினர் இருந்தவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் திடீரென்று ஒரு மதிப்பு உண்டாயிற்று.

இந்த வேலி நின்றுகொண்டிருக்கையில்தான் 1955 ஜூலை 27ஆம் தேதி தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51ஐ, அம்னோவும் சீனர், இந்தியர் கட்சிகளும் சேர்ந்த முக்கூட்டணி வென்றது. வாக்காளர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர், 11 பேர் சீனர். இந்தியர் ஐவருக்கும் குறைவு. ஜனத்தொகையிலோ இந்தியர் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு அருகில். எங்கள் தோட்டத்தில் வாக்களித்தவர்கள் பெரிய கிராணியும் தமிழ்ப்பள்ளி வாத்தியாரும் இன்னும் இருவரோ மூவரோதான். மற்றவர்கள் அன்றும் மரம் வெட்டினார்கள்.

இந்த ஒப்புமையை இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். அதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் குடியரசு பதினான்கு வருஷத்தில் மடிந்தது. நம்முடையது, 1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பின் பார்லிமெண்டு ஒன்றே முக்கால் வருஷம் முடங்கிக் கிடந்தும், மடியவில்லை. ஏன்? கொரியா யுத்தத்தால் ரப்பர் விலை ஏறியது ஒரு காரணம். பசித்த வயிற்றோடு நாம் சுதந்திரத்துக்குப் போகவில்லை. முக்கூட்டணித் தலைவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லாமல், பேரம் பேசி, விட்டுக்கொடுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டெழுந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்றாவது காரணத்தை நெகிரி செம்பிலானில் நின்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. ஜெர்மானியர் முடியை விரட்டினார்கள். முடியோடு போன விசுவாசத்தை வைக்க இடம் தெரியாமல் கடைசியில் ஒரு தளபதியிடம் வைத்தார்கள். நாமோ மன்னரை வைத்துக்கொண்டே குடியாட்சிக்குப் போனோம். அந்த மன்னரையும் மன்னர்களே கூடித் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்றோம். சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜோகோல், ரெம்பாவ் ஆகிய வட்டாரங்களின் தலைவர்களான நான்கு உண்டாங்குகள் கூடி மன்னராகிய யாம்துவானைத் தேர்ந்தெடுக்கிற இந்த மாநிலத்து மக்களுக்கு அது புதிதல்ல. முதல் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் நம் துவாங்கு அப்துல் ரஹ்மானே. அவர் முகத்தைத்தான் நீங்கள் தினமும் வெள்ளி நோட்டில் பார்க்கிறீர்கள்.

சாசனத்தை எழுதிய ரீட் குழுவில் ஐவர்: பிரிட்டனிலிருந்து இருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஒவ்வொருவர். இந்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. அவசரகாலம் அந்தச் சாசனத்தில் 149, 150 என்ற விதிகளாக நிரந்தர இடம் பெற்றது. ஜெர்மானியரின் காவற்காரனிடம் இருந்த அதே சாவியின் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் லயத்தார் வாழ்வைத் தொட்டது வேறொரு விதி. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கு முன் இங்கே பிறந்தவர்கள், அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால், மலாய் மொழிப் பரீட்சை இல்லாமலே பிரஜையாகலாம். ஓராண்டு தவணை.

அந்த ஓராண்டில் எங்கள் சின்னக் கிராணி, சம்பளமில்லாத வேலையாக, ராத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பாரம் பூர்த்தி செய்தார். வரிசையில் நிற்பவர்கள் குறைவு. "வெள்ளைக்காரன் காகிதம் குடுத்தான், ஜப்பான்காரன் காகிதம் குடுத்தான், இவன் என்ன புதுசா குடுக்கப் போறான்" என்பது ஒருவர் பேச்சு. "கையெழுத்துப் போட்டா ஊருக்குத் திரும்பிப் போக விடமாட்டானாம்" என்பது இன்னொருவர் பயம். என் தந்தையார் போட்டார். தாயார் விஷயத்தில் சிக்கல். அவர் இதே மாநிலத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் எடுத்திருக்கவில்லை. மருத்துவச்சி இறந்துபோயிருந்தாள், பிறந்த லயம் இடிந்துபோயிருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். சாட்சியோடு வரச் சொன்னார்கள். சாட்சியோடு இன்னொரு நாள் போனார். சாட்சியின் காகிதம் சரியில்லை என்றார்கள். மூன்றாம் நாள் சம்பளத்தை இழக்க எங்கள் வீட்டுக்குத் தெம்பில்லை. தவணை கடந்தது. 1968ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, பிரஜையல்லாதவர் வேலை செய்ய பெர்மிட்டு வேண்டும் என்றானபோது, அதே கையோடு கப்பலேறியவர்கள் எங்கள் லயத்திலேயே ஆறு குடும்பம். தாயார் பிரஜையல்லாதவரின் சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே இருந்து இங்கேயே கண் மூடினார்.

1959 ஆகஸ்டில் பார்லிமெண்டுத் தேர்தல். எனக்குப் பத்து வயது. வாக்குச் சாவடி ஒரு பள்ளிக்கூடம். என் தந்தையார் வெளுத்த வேட்டியும், தீபாவளிக்கு எடுத்த சட்டையும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோல் வரிசையில் போய் நின்றார். தாயாரும் நானும் எதிரே ஒரு ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். தாயார் மடியில் சோற்றுத் தூக்கு. வேலியைத் தாண்டி அவர் சோறு எடுத்துக்கொண்டு வந்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். தந்தையார் வெளியே வர வெகு நேரமாயிற்று. வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ளார என்னங்க கேட்டாங்க?" என்றார் தாயார்.

"ஒண்ணும் கேக்கல புள்ள. ஒரு பென்சிலக் குடுத்தாங்க."

தாயார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தூக்கைத் திறந்தார்.